எள்ளுப்பொடித் திரி

எங்கள் வீட்டுக்குள் கேக் நுழைந்தது டிவி வழியாக. மத்தியான நேரத்தில் ஒரு அம்மாள், நகப்பூச்சு கலையாமல் முட்டை உடைத்துக் காட்டுவாள். ஓவன் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், குக்கரிலேயே செய்யலாம் என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். ஓவன் இல்லாதவர்கள் கவலை அன்றோடு தீர்ந்தது. என் கவலை ஆரம்பித்தது.

எனக்குச் சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் இரவு ஷிப்ட். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனுக்கு அதுவே அதிகம் என்று அண்ணன் முத்துப்பாண்டி சொல்லுவான். பகலில்தான் தூங்க வேண்டும். நாரணாபுரத்தில் எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு அடுப்படியும். நான் கண்ணை மூடுகிற நேரம் பார்த்து, அந்த அடுப்படியில் என் மதினி பொன்மணி எவர்சில்வர் சட்டியில் முட்டை அடிக்கத் தொடங்குவாள். பிரஸ்ஸில் மெஷின் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன். அந்தக் கரண்டிச் சத்தத்தில் முடியவில்லை.

ஊரில் எல்லோரும் தின்கிற கேக்காக இருந்தாலாவது பொறுத்திருப்பேன். மதினிக்கு அது போதாது. புதுசாகச் செய்ய வேண்டும். கம்பு மாவில் ஒன்று செய்தாள். செங்கலை உடைத்துத் தின்கிற மாதிரி இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை நடுவில் புதைத்து ஒன்று. சாத்தூர்க் காராச்சேவை மேலே தூவி ஒன்று. காராச்சேவு கேக்கை வாயில் போட்ட அண்ணன், அது இனிப்பா காரமா என்று முடிவுக்கு வர முடியாமல், சாமி வந்தவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“எப்படி இருக்கு?” என்றாள் மதினி.

“நல்லாத்தான் இருக்கு. தண்ணி குடு.”

“நல்லாருந்தா எதுக்குத் தண்ணி?”

“உள்ள போகணும்ல புள்ள.”

குக்கரின் அடியில் மணலைப் பரப்பி, விசிலையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு கிண்ணத்தை இறக்கி வேகவைப்பாள். அந்தக் குக்கரில் அதன் பிறகு பருப்பு வேகவில்லை. சோற்றில் மணல் கடிபட்டால் கேள்வி கேட்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டமாகிவிட்டது.

மதினிக்குக் கேக் மேல் ஆசை என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அது தப்பு. அவளுக்கு இருந்த ஒரே ஆசை, பட்டாசு மருந்து ரூமுக்குத் திரும்பிப் போகக்கூடாது என்பதுதான். கேக் அதற்கு அகப்பட்ட சந்து.

அண்ணனும் மதினியும் கோட்டைச்சாமி முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அண்ணன் போர்மேன். மதினி பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து செலுத்துகிறவள். கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பாடம்தான் நடக்கும். அதை நடத்துகிறவன் என் அண்ணன். “பத்திக்கிட்டா பாக்காத. எடுக்காத. யாரையும் கூப்பிடாத. ஓடு.” அவ்வளவுதான் பாடம். ரூமுக்கு நாலு பக்கமும் வாசல் வைத்திருப்பதே அதற்குத்தான். முந்தின வருசம் சீசன் உச்சத்தில் பக்கத்து ரூம் பற்றிக்கொண்டபோது மதினி பாடத்தை மறக்காமல் ஓடினாள். கூட உட்கார்ந்திருந்த குருவம்மாள் தூக்குச்சட்டியை எடுக்கத் திரும்பினாள். மதினிக்கு இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் பளபளவென்று வேறு தோலாக வளர்ந்தது. குருவம்மாளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

அதற்குப் பிறகும் மதினி ஒரு சீசன் முழுக்க அதே ரூமில் உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வாள்? வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரி நிலத்தில் களை எடுக்கப் போகலாம், மழை பெய்தால்.

தீபாவளி முடிந்து கம்பெனி மூடி, மதினி பகலெல்லாம் வீட்டில் கேக் சுட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான் முதலாளியம்மா லட்சுமிகாந்தம் ஒரு வேலை செய்தார். டவுனில் பெண்கள் சங்கம் ஒன்று. காரில் வந்து, ஏசி இல்லை என்று விசிறிக்கொண்டு, சமூகத்துக்கு என்ன செய்யலாம் என்று பேசிவிட்டு, சமோசா தின்றுவிட்டுப் போகிற சங்கம். அந்த வருசம் சமூகத்துக்குக் கேக் போட்டி நடத்துவது என்று தீர்மானித்தார்கள். வீட்டில் செய்ததாக இருக்க வேண்டும், புதுமையாக இருக்க வேண்டும். தொழிலாளர் வீட்டுப் பெண் ஒருத்தியாவது இருந்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. லட்சுமிகாந்தம் அம்மாவுக்கு எங்கள் மதினியின் ஞாபகம் வந்தது.

“நல்லாச் செஞ்சு காட்டு பொன்மணி. ஜெயிச்சேன்னா நம்ம காம்ப்ளெக்ஸ்ல மூலை ரூம் சும்மாதான் கிடக்கு. அதுல கேக்குக் கடை போட்டுக்க. பெறகு நீ ஏன் மருந்துக்குள்ள உக்காரணும்?”

பெரிய இடத்தில் இப்படி வாயில் வருவது வழக்கம். அடுத்த நாள் அவர்களுக்கே ஞாபகம் இருக்காது. மதினி அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொண்டாள். தோற்றால், கம்பெனி திறக்கிற பூஜை முடிந்து மறுபடி அதே ரூம். ஜெயித்தால் மூலை ரூம். அன்றிலிருந்து வீட்டில் ஒருத்தருக்கும் நிம்மதியாகச் சோறு இல்லை.

“என்ன செய்யப்போறீக?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரிஞ்சதைத்தான் செய்யணும் கொழுந்தனாரே.”

“உங்களுக்குத் தெரிஞ்சது பூச்சட்டிதான்.”

சும்மா எரிச்சலில் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். எனக்கு அப்போதே பயமாகிவிட்டது.

பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் செய்தாள். முழுக்கத் தின்கிற பட்டாசு. பூச்சட்டிக்குக் கருப்பட்டிக் கேக்கைக் கூம்பாகச் செதுக்கினாள். அணுகுண்டுக்கு ரவா லட்டு பிடித்து, இடியாப்ப அச்சில் பிழிந்த பச்சைச் சர்க்கரை மாவைச் சணல் மாதிரி மேலே சுற்றினாள். தரைச்சக்கரத்துக்கு ஜாங்கிரி. சரவெடிக்குச் சிவப்புச் சாயம் கலந்த பிஸ்கட் மாவைக் குழல் குழலாக உருட்டிக் கோத்தாள். பிரஸ்ஸில் வேஸ்ட் ஆன லேபிள் ஷீட் கொண்டுவரச் சொன்னாள், கொண்டுவந்தேன். கம்பெனியின் கிளிப்படம் போட்ட லேபிளைக் கூம்பைச் சுற்றி மைதாப் பசையால் ஒட்டினாள். பசை உலர்வதற்கு மொத்தத்தையும் சுளகில் பரப்பி மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டாள். கேக்கை வெயிலில் காயப்போடுகிற ஊர் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். எங்கள் ஆட்களுக்கு எதைச் செய்தாலும் காயப்போட்டால்தான் வேலை முடிந்த மாதிரி.

கடைசியில் திரி. அதில்தான் அவள் தன் முழு மூளையையும் செலவழித்தாள். மைதாவை நீள நூலாகப் பிழிந்து, நெய்யில் முறுகவிட்டு, எள்ளுப்பொடியில் புரட்டினாள். கருஞ்சாம்பல் நிறத்தில் அச்சு அசல் கம்பெனித் திரி. பெருமாள் கோயில் லட்டு வாசம் வர வேண்டும் என்று பச்சைக் கற்பூரத்தை வேறு பொடித்து அதன்மேல் தாராளமாகத் தேய்த்தாள். எல்லா வெடியின் திரியையும் ஒரே நீளத் திரியில் இணைத்து, பெட்டிக்கு வெளியே தொங்கவிட்டாள்.

அண்ணன் வெளியே போய்விட்டு உள்ளே வந்தான், பெட்டியைப் பார்த்தான், அடுப்பை அணைத்தான்.

“யாரு இதை வீட்டுக்குள்ள கொண்டாந்தது? அடுப்பு எரியுது, அறிவு வேணாம்?”

“அது கேக்குங்க.”

அண்ணன் குனிந்து முகர்ந்தான். பிறகும் அடுப்பைப் பற்றவைக்க விடவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாடு கடையில் பரோட்டா.

போட்டி அன்று காலையில் நானும் மதினியும் பெட்டியோடு டவுன் பஸ் ஏறினோம். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“இறங்கு இறங்கு. பஸ்ல பட்டாசு ஏத்தக் கூடாது.”

“கேக்குண்ணே,” என்றாள் மதினி.

“போன வாரம் ஒருத்தன் அப்பளம்னான். இறங்கு தாயி.”

“ஒரு வெடியத் தின்னு பாக்கிறீகளா?”

“நீ மொதல்ல இறங்கு. நான் புள்ளகுட்டிக்காரன்.”

ஆட்டோவில் போனோம். டிரைவர் டவுன் வரை பீடி பற்றவைக்கவில்லை. மதினி அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டாள். அவள் வேலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது என்று நினைத்துக்கொண்டாள்.

கல்யாண மண்டபத்து மேடையில் வரிசையாக மேஜை போட்டிருந்தார்கள். ஒரு கேக் பொம்மைப் பெண்ணுக்குப் பாவாடையாக இருந்தது. இடுப்புக்குக் கீழே தின்னலாம், மேலே பிளாஸ்டிக். ஒரு கேக் மூன்று அடுக்கில் முத்து முத்தாக, மனிதக் கை படாதது போல நின்றது. அதைத் தானே செய்ததாகச் சொன்ன மருமகள், அதன் அடியிலிருந்த மதுரை பேக்கரி அட்டையை மறைக்கத் துண்டு விரித்திருந்தாள். காரட் அல்வாவைத் தட்டில் கொட்டி அதன்மேல் ஒரு செர்ரியை வைத்துவிட்டு, இது பிரெஞ்சு முறை என்று ஒரு அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். நடுவர் என்று மதுரையில் கேட்டரிங் காலேஜ் டீச்சர் ஒருத்தரை வரவழைத்திருந்தார்கள். அந்த அம்மாளுக்குக் கண்ணாடி, கைப்பை, முகத்தில் ஒரு தூக்கக் கலக்கம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

மதினியின் பெட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. “ஏத்தா, நம்ம கிளி லேபிளு!” “சணலப் பாரு, அப்படியே இருக்கு!” “திரியத் தொடாத, கையில ஒட்டும்!” லட்சுமிகாந்தம் அம்மா, தானே செய்தது போலத் தோளை நிமிர்த்திக்கொண்டு கூடவே நின்றார். அவர் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

கோட்டைச்சாமி முதலாளி பட்டுச் சட்டையில் வந்தார். கம்பெனியில் ஆளுக்கு முன்னால் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று சிரித்தார்.

“பலேமா. இதையே ஆர்டர் எடுத்து வடநாட்டுக்கு லோடு ஏத்தலாம் போலருக்கே.”

போட்டோக்காரன் சும்மா இருந்திருக்கலாம். அவன் சொன்னான்: “அண்ணாச்சி, கையில ஊதுபத்தி வச்சுக்கிட்டு திரிகிட்ட கொண்டுபோங்க. பத்தவைக்கிற மாதிரி ஒரு போஸு.”

மேடையில் சாமி படத்துக்கு முன்னால் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தியை ஒருத்தர் உருவிக் கொடுத்தார். முதலாளி குனிந்தார். கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

“இன்னும் கிட்ட அண்ணாச்சி. இன்னும் கொஞ்சம்.”

பச்சைக் கற்பூரத்துக்கு யார் போஸ் கொடுக்கிறார்கள் என்று தெரியாது. பிடித்துக்கொண்டது. நெய், எள்ளு, சர்க்கரை. சுர்ரென்று ஒரு சத்தம் கிளம்பி, நீலமும் மஞ்சளுமாக ஒரு சின்னத் தீ பெட்டியை நோக்கி ஊர ஆரம்பித்தது.

அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் அது கேக் என்று தெரியும். ஒரு நிமிசத்துக்கு முன்னால்தான் முகர்ந்து பார்த்தார்கள். ஆனால் அந்தச் சுர்ரைக் கேட்டதும் ஒருத்தருக்கும் எதுவும் தெரியவில்லை. முதலில் ஓடியவர் கோட்டைச்சாமி முதலாளி. ஊதுபத்தியை எறிந்தார், போட்டோக்காரனைத் தள்ளினார், மேடையிலிருந்து குதித்தார். ஒரு செருப்பு மேடையிலேயே கிடந்தது. வழியில் நின்ற தன் மனைவியைச் சுற்றிக்கொண்டு போனார், கூப்பிடவில்லை. பாடத்தில் கூப்பிடாதே என்றுதானே இருக்கிறது. அவருக்குப் பின்னால் முதலாளிமார், முதலாளியம்மாமார், மருமகள்கள். மூன்றடுக்குக் கேக் கவிழ்ந்து, மதுரை அட்டை மல்லாந்தது. பொம்மைப் பெண்ணை யாரோ மிதித்தார்கள்.

நானும் ஓடினேன். லேபிளைக் கொண்டுவந்தவனே நான்தான். இருந்தாலும் ஓடினேன்.

வாசலுக்கு வெளியே எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றோம். மதினியைத் தேடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தலை முழங்காலுக்கு இடையில். இரண்டு கையாலும் காதை இறுக்கிப் பொத்தியிருந்தாள். அந்த ரவையை வறுத்தவள், அந்த எள்ளைப் பொடித்தவள், அந்தத் திரியை நெய்யில் போட்டு எடுத்தவள்.

வெடிக்கவில்லை.

வெடிக்காத வெடியின் பக்கத்தில் போகக்கூடாது என்பது எங்கள் பக்கம் பால் குடிக்கும் போதே தெரிந்துகொள்வது. அதனால் ஒருத்தரும் உள்ளே போகவில்லை. நின்றுகொண்டே இருந்தோம். பட்டுச்சேலையில், ஜரிகை வேட்டியில், அவ்வளவு பேரும்.

கொஞ்ச நேரம் கழித்து மதுரை டீச்சர் வாசலுக்கு வந்தார். கையில் தட்டு, வாயில் ஸ்பூன். அவர் ஊரில் பட்டாசு என்றால் தீபாவளிக்கு வாங்குகிற சாமான், அவ்வளவுதான். தீ ரவா லட்டு வரை போய் அணைந்ததை நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். பிறகு அந்த லட்டைத் தின்றிருக்கிறார்.

“எல்லாரும் எங்க போயிட்டீங்க? இந்தத் திரி ரொம்ப நல்லாருக்கு. என்ன போட்டீங்க, எள்ளா?”

முதல் பரிசு மதினிக்கு. வேறு கேக்கும் மிச்சமில்லை. பரிசு ஒரு கரண்ட் ஓவன். பகலில் எப்போது கரண்ட் வரும், எப்போது போகும் என்று மின்வாரியத்துக்கே தெரியாத வருசம் அது. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மேலே துணி விரித்து, அரிசி டப்பாவை ஏற்றிவைத்தோம்.

முதலாளி பரிசு கொடுக்க இருக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு காரில் ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் கதை டவுன் முழுக்கப் போய்விட்டது. டீக்கடையில், பிரஸ்ஸில், பஸ்ஸில், எங்கு பார்த்தாலும் அதே பேச்சு. அந்தக் கண்டக்டர், தான் மட்டும் அன்று ஏமாறவில்லை என்று டிக்கெட் கிழித்துக்கொண்டே பயணிகளிடம் சொல்லிக்கொண்டு வந்தார். “கோட்டைச்சாமி ரவா லட்டுக்கு ஓடினாரு,” என்றான் ஒருத்தன். “பொண்டாட்டிய விட்டுட்டு ஓடினாரு,” என்றான் இன்னொருத்தன். சொன்ன இரண்டு பேருமே அங்கே இருந்திருந்தால் அவரை முந்தியிருப்பார்கள். அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு சிரிப்பு.

இரண்டொரு நாளில் லட்சுமிகாந்தம் அம்மாவின் கார் எங்கள் தெருவுக்குள் வந்தது. என் தூக்கம் போயிற்று. அண்ணன் பாயைச் சுருட்டினான், நாற்காலியைத் துடைத்தான், என்னைச் சட்டை போடச் சொன்னான்.

அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஓவனையும் அதன்மேலிருந்த அரிசி டப்பாவையும் பார்த்தார்.

“பொன்மணி, அந்தத் திரியில என்ன வச்ச?”

“எள்ளுப்பொடியும் பச்சைக் கற்பூரமும்மா.”

“அது எனக்குத் தெரியும். ஊரு கேட்டா என்ன சொல்லுவ?”

மதினிக்குப் புரியவில்லை. அம்மா கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து ஓவன் மேல் வைத்தார். “மூலை ரூம் சாவி. நான் சொன்ன சொல்லு மாறல. ஆனா நீயும் ஒரு சொல்லு சொல்லணும். அது நெசத் திரி. முத்துப்பாண்டி கம்பெனியில இருந்து ஒரு முழம் கொண்டாந்தாரு. அழகா இருக்கும்னு விவரம் இல்லாம நீ வச்சுட்ட. பூஜை அன்னைக்கு எல்லாரும் வருவாக. அங்கன எந்திரிச்சு மன்னிப்புக் கேட்டுட்டு உக்காந்துரு. அம்புட்டுத்தான்.”

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “அம்மா, கம்பெனித் திரிய வெளிய கொண்டாந்தேன்னு சொன்னா…”

“நாங்க கேசா போடப்போறோம்? அவுக தலைகுனிஞ்சு நடக்காக முத்துப்பாண்டி. ஏசண்டுமாரு போன் போட்டு, லட்டு ஆர்டர் எடுப்பீகளான்னு கேக்காக. நெசத் திரின்னா ஓடினது விவரம். எள்ளுப்பொடின்னா ஓடினது கேவலம். உனக்குப் புரியுதுல்ல?”

“புரியுதும்மா,” என்றான் அண்ணன். அவனுக்கு எல்லாம் உடனே புரியும். அதனால்தான் போர்மேன்.

மதினி சாவியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “மருந்து வச்சுக் கேக்கு செஞ்சவ கடையில யாரும்மா கேக்கு வாங்குவாக?”

“அது உன் பாடு. ரூம் குடுக்கிறதுதான் என் பாடு.”

“சொல்லலேன்னா?”

“பூஜை முடிஞ்சதும் பழைய ரூமுக்குப் போ. வேலை இல்லேன்னா சொன்னேன்?”

கார் போன பிறகு அண்ணன் ஆரம்பித்தான். ஒரு வார்த்தைதானே புள்ள, சொன்னால் தேய்ந்தா போய்விடுவாய், ரூம் கிடைக்கும், முதலாளி மனசு குளிரும், கேக் விற்காவிட்டால் பொரிகடலை விற்கலாம். மதினி பாத்திரம் கழுவினாள். இடது கையில் அந்தப் பளபளப்பான தோலில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது.

“நீங்க என்ன சொல்றீக கொழுந்தனாரே?”

“சொல்லிட்டுப் போங்க மதினி. எவனும் நம்பப்போறதில்ல.”

“நம்பாததுக்கு எதுக்குச் சொல்லணும்?”

“நம்பாட்டியும் சொல்லணும்கிறதுக்குத்தான் முதலாளின்னு பேரு.”

அவள் சிரிக்கவில்லை. “எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கல. நான்தான செஞ்சேன். என் கையாலதான் எள்ளப் பொடிச்சேன். அப்படியும் காலு ஓடிருச்சு. இந்தக் காலை வச்சுக்கிட்டு அந்த ரூம்ல எப்படி உக்காருவேன்?”

நான் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. முட்டை அடிக்கிற சத்தமும் வரவில்லை.

பூஜை அன்று கம்பெனி வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். தீபாவளிக்குப் பிறகு வேலை தொடங்குகிற நாளில் முதலாளி தன் கையால் கேட்டுக்கு வெளியே ஒரு சின்னச் சரத்தைப் பற்றவைப்பார். பிறகு பூந்தி கொடுப்பார்கள். பிறகு அவரவர் ரூம். நானும் போயிருந்தேன். பூந்திக்காக அல்ல. மதினி என்ன செய்யப்போகிறாள் என்று பார்க்க.

முதலாளி புதுச் செருப்போடு நின்றார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆட்களும் அவரைப் பார்க்கவில்லை. அவர் காலைப் பார்த்தார்கள். லட்சுமிகாந்தம் அம்மா மதினியைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

மதினி முன்னால் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அண்ணன், என் பக்கத்தில், மூச்சு விடாமல் நின்றான்.

“எல்லாருக்கும் ஒரு விசயம் சொல்லணும்,” என்றாள். “மண்டபத்துல நடந்ததப் பத்தி ஊர்ல கண்டபடி பேசுறாக. முதலாளி ஓடினாரு ஓடினாருன்னு சிரிக்கிறாக. அந்தத் திரியில இருந்தது எள்ளுப்பொடிதான். செஞ்சவ நான். எனக்கே தெரிஞ்சும் நான் ஓடினேன், தொட்டிக்குப் பின்னால போயி ஒளிஞ்சேன். எனக்கே அப்படின்னா முதலாளி ஓடினதுல என்ன தப்பு? ஓடினது சரிதான். செருப்ப விட்டுட்டு ஓடினதும் சரிதான். திரும்பிப் பாக்காம ஓடினதுனாலதான் உசுரோட இருக்காக. குருவம்மா திரும்பினா.”

அவள் முதலாளிக்குப் பரிந்துதான் பேசினாள். அதுவரை முதுகுக்குப் பின்னால் இருந்த ‘ஓடினாரு’ என்கிற அந்த ஒரு வார்த்தையை, அவர் நிற்கும் போதே, அத்தனை ஆட்களுக்கு முன்னால், மரியாதையோடு திரும்பத் திரும்பச் சொன்னாள். செருப்பு என்றதும் பின்வரிசையில் ஒருத்தன் செருமினான். பிறகு ஒரு பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். குருவம்மாள் பேர் வந்ததும் சிரிப்பு நின்றது. அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. லட்சுமிகாந்தம் அம்மாவின் முகத்தில் ஈ ஆடவில்லை.

மதினி இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துத் தேங்காய் பழத் தட்டில் வைத்தாள்.

பூசாரிக்கு இதெல்லாம் தெரியாது. ஊதுபத்தியை முதலாளியிடம் நீட்டினார். முதலாளி வாங்கினார். தரையில் சரம் கிடந்தது. இருநூறு பேர் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, “ஏலே முத்துப்பாண்டி, நீ பத்தவை,” என்று கொடுத்துவிட்டுக் காருக்கு நடந்தார். மெதுவாக நடந்தார். மெதுவாக நடக்க அவர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்தது.

சரம் வெடித்தது. பூந்தி கொடுத்தார்கள். மதினி பூந்தியை வாங்கிக்கொண்டு, ரூமுக்குப் போகாமல், வீட்டுக்கு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. மறுநாள் வரவேண்டாம் என்று யாரும் சொல்லவும் தேவைப்படவில்லை. அண்ணனை மட்டும் நிறுத்தவில்லை. நல்ல போர்மேன் லேசில் கிடைக்கமாட்டான். அவன் மதினியோடு சரியாகப் பேச ஒரு மாசம் ஆயிற்று.

தீப்பெட்டி ஒட்டத்தான் போகப்போகிறாள் என்று நினைத்தேன். பத்து நாளைக்கெல்லாம் வீட்டு வாசலில் ஒரு டிவிஎஸ் பிப்டி வந்து நின்றது. வெம்பக்கோட்டைக்காரன்.

“இங்கன திரிக் கேக்கு செய்ற அக்கா வீடு எது?”

மகனுக்குப் பிறந்தநாளாம். கேக் வேண்டுமாம். “அணுகுண்டு ஒண்ணு போதும்க்கா. ஆனா திரி நல்லாப் பத்திக்கணும். முதலாளி ஓடினாருல்ல, அதே திரி.”

அவனுக்குப் பிறகு சாத்தூர்க்காரன் ஒருத்தன். பிறகு விருதுநகரிலிருந்து காரில் ஒரு குடும்பம். பிறந்தநாள், கல்யாண நாள், கட்சிக்காரன் வெற்றி விழா, எல்லாவற்றுக்கும் திரிக் கேக். மெழுகுவர்த்தி ஊதுகிற நாகரிகம் எங்கள் பக்கம் அதோடு போயிற்று. கேக்கை நடுவில் வைப்பார்கள், ஊதுபத்தியால் பற்றவைப்பார்கள், சுர்ரென்றதும் “கோட்டைச்சாமி ஓடுறாரு டோய்!” என்று கத்திக்கொண்டு நாலு பக்கமும் ஓடுவார்கள். பிறகு சிரித்துக்கொண்டே திரும்பி வந்து வெட்டுவார்கள். சொந்தக்காரன் ஓடுவதைப் பார்க்க ஆளுக்கு எவ்வளவு ஆசை என்று அப்போதுதான் தெரிந்தது.

கருப்பட்டியை மதினி இப்போது உடன்குடியிலிருந்து வரவழைக்கிறாள். ஏலக்காயைத் தோல் நீக்கித்தான் பொடிக்கிறாள். ரவையை என்ன பதத்தில் வறுப்பது என்பதற்கு ஒரு நாள் பூராவும் நின்று பார்த்தாள். வாங்கிப் போனவர்களில் ஒருத்தர்கூட இதுவரை ருசியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. திரி பத்துச்சு, இல்லாவிட்டால் திரி பத்தலை. அவ்வளவுதான் விமர்சனம். தின்று பார்த்துச் சொன்னவர் அந்த மதுரை டீச்சர் ஒருத்தர்தான்.

மருந்து ரூமுக்கு அவள் திரும்பவில்லை. குக்கர் மூன்றாகிவிட்டது. நான் பகலில் தூங்குவதற்குப் பக்கத்து வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன்.

ஆர்டர் கொடுத்தவர்கள் வாங்கும் போது, திரி சரியாக இருக்கிறதா என்று ஒரு துண்டைப் பற்றவைத்துக் காட்டச் சொல்வார்கள். மதினி தீப்பெட்டியை அவர்களிடமே கொடுத்துவிடுவாள். அவர்கள் குச்சியைக் கிழிப்பதற்குள் வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டுச் சுவர் வரை போய், காதைப் பொத்திக்கொண்டு நிற்பாள். அணைந்துவிட்டது என்று நாங்கள் கூப்பிட்ட பிறகும் கொஞ்ச நேரம் ஆகும், அவள் திரும்பி வர.